ரோயிங் கத்துக்கப் போற பிள்ளைக்கு என்ன வாங்கணும், எதை வாங்க வேண்டாம்?

விருத்தாசலத்துல மணிமுத்தாறு வருஷத்துல பல மாசம் மணலாத்தான் கிடக்கும். பீங்கான் சூளை இருக்கிற ஊர்ல துடுப்புப் படகுக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். 2018 ஆசிய விளையாட்டுல நாலு பேர் படகுப் பிரிவுல தங்கம் ஜெயிச்ச இந்திய அணியில இருந்த தத்து போகனல், நாசிக் பக்கம் வறட்சியான ஒரு கிராமத்துல கிணறு வெட்டின குடும்பத்துப் பையன். ராணுவத்துல சேர்ந்த பிறகுதான் துடுப்பையே பிடிச்சார். அதனால உங்க வீட்டுப் பிள்ளை சென்னையில படிக்கப் போய், "ரோயிங் சேரப் போறேன்"னு போன் பண்ணினா பயப்பட வேண்டாம். 1867-ல் தொடங்கின மெட்ராஸ் போட் கிளப் இன்னைக்கும் அடையாறு ஆத்துல இயங்கிட்டுத்தான் இருக்கு.

"படகு வாங்கணுமா?"ங்கிறதுதான் வீட்ல வர்ற முதல் கேள்வி. வேண்டாம். கத்துக்கிற காலத்துல படகும் துடுப்பும் பொதுவா கிளப்போடதுதான். ஷூகூட படகுக்குள்ளேயே பொருத்தியிருக்கும். உங்க செலவு பெரும்பாலும் துணிக்குத்தான். அதுலதான் நிறைய பேர் தப்பா வாங்குறாங்க.

"வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுத்துடலாம்" என்கிற நம்ம வழக்கம் இங்கே செல்லாது. ரோயிங் படகுல சீட் சின்னச் சக்கரத்துல முன்னும் பின்னும் ஓடும். தொளதொள டி-ஷர்ட்டோட ஓரம் அந்தச் சக்கரத்துல மாட்டிக்கும். இன்னும் மோசம், துடுப்போட கைப்பிடி ஒவ்வொரு இழுப்புக்கும் வயித்துக்குப் பக்கத்துல வந்து போகும். பாக்கெட்லயோ சட்டை நுனியிலயோ கட்டைவிரல் சிக்கினா துடுப்பு தண்ணிக்குள்ள மாட்டி, படகே ஆட்டம் கண்டுடும். அதனாலதான் போட்டியில உடம்போட ஒட்டுன ஒரே துணியான யூனிசூட் போடுறாங்க. பயிற்சிக்கு அது கட்டாயமில்லை. பாக்கெட் இல்லாத இறுக்கமான ஷார்ட்ஸ், உடம்புக்குச் சரியான டிரை-ஃபிட் பனியன் போதும். காட்டன் வேண்டாம். வியர்வையில நனைஞ்சா கனமாகும், உரசி உரசித் தோலைப் புண்ணாக்கும்.

பொண்ணுங்க விஷயத்துல இந்த இறுக்கமான உடைதான் பல வீட்ல தகராறு. "இதைப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க முன்னாடியா?"ன்னு பாட்டி கேட்பாங்க. அதுக்காக விளையாட்டையே நிறுத்தணும்னு இல்லை. முழு நீள லெக்கிங்ஸும், உடம்பை ஒட்டின முழுக்கை டி-ஷர்ட்டும் படகுல தாராளமா போடலாம். வெயிலுக்கும் அதுதான் நல்லது. போட்டியில மட்டும் ஒரே படகுல இருக்கிறவங்க ஒரே மாதிரி உடுத்தணும். அதை முன்கூட்டியே கோச்கிட்ட பேசி முடிச்சுடுங்க. நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குக் கணக்குப் பார்க்காதீங்க.

கையுறை? வாங்காதீங்க. கொப்புளம் வரத்தான் செய்யும். கையுறை போட்டா துடுப்பு திரும்புறது விரலுக்குத் தெரியாது. சோப்பு போட்டுக் கழுவி, உலர்த்தி, டேப் ஒட்டினா போதும். ஆத்துத் தண்ணி படுற புண் சிவந்து வீங்கினா டாக்டர்கிட்ட காட்டுங்க. இதோட சாக்ஸ் ரெண்டு ஜோடி, தொப்பி, சன் ஸ்கிரீன், கண்ணாடி போடுறவங்களுக்கு அதைப் பின்னாடி கட்டுற கயிறு, கரைக்கு ஒரு ரப்பர் செருப்பு. அவ்வளவுதான்.

காசு போட்டு வாங்க முடியாதது ஒண்ணு இருக்கு, நீச்சல். ஓட்டுறவங்க வழக்கமா லைஃப் ஜாக்கெட் போட மாட்டாங்க. புதுசா கத்துக்கிற பிள்ளைக்குக் கொடுப்பாங்களா, பக்கத்துல பாதுகாப்புப் படகு வருமான்னு நேர்லயே கேளுங்க. இன்னொண்ணு, படகுல இருக்கிற ஷூவோட குதிகால்ல ஒரு சின்னக் கயிறு இருக்கும். படகு கவிழ்ந்தா ஷூ குதிகாலை மேலே தூக்க விடாம அது பிடிச்சுக்கும், கால் உருவிக்கிட்டு வெளியே வந்துடும். குதிகால் அதிகமா மேல தூக்கக் கூடாதுங்கிறதுதான் கணக்கு. கயிறு அறுந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ, கட்டின பிறகுதான் தண்ணியில இறங்கணும்னு பிள்ளைகிட்ட சொல்லி அனுப்புங்க.