பழைய டிராக்டர் சூடேறினால்: செலவுக்கு முன் ஒரு கணக்கு

எச்.எம்.டி. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவில் இருந்தாலும், அதன் டிராக்டர்கள் 1971 முதல் ஹரியானா மாநிலம் பிஞ்சோரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் நிறுவன ஒத்துழைப்புடன் தயாராயின. டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. ஆயினும் அவ்வண்டிகள் பல இன்றும் உழவில் உள்ளன. புதிய உதிரிபாகம் கிடைக்காதபோது உரிமையாளர்கள் நாடும் இடங்களுள் ஒன்று, சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகள். ரேடியேட்டரை மாற்றியமைக்கலாமா, மின்விசிறி பொருத்தலாமா என்னும் கேள்வியோடு வருவோருக்காக இவ்விளக்கத்தைத் தருகிறோம்.

டிராக்டர் கார் போன்றதன்று. உழும்போது மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே செல்கிறது. கதிரடிக்கும்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனவே எதிர்க்காற்றின் உதவி அதற்கு இல்லை. என்ஜினைச் சுற்றிவரும் நீரின் வெப்பத்தை அகற்றும் பொறுப்பு முழுவதும் ரேடியேட்டரையும் விசிறியையும் சார்ந்தது. மேலும், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். மூடி பழுதுற்ற ரேடியேட்டரிலும் நிலை இதுவே.

சூடேறும் வண்டிக்கு முதல் தேவை மாற்றமன்று, பராமரிப்பு. ரேடியேட்டரின் தகடுகளில் அடைத்த பதரையும் தூசியையும், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து நீர் பாய்ச்சி அகற்ற வேண்டும். தளர்ந்த ஃபேன் பெல்ட், இற்றுப்போன ரப்பர் குழாய், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியிருந்தால், குழல்களின் உட்புறம் உப்புப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ட் கலந்து நிரப்புவதே முறை. இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலான வண்டிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அதன் பிறகும் சூடேறினால் மாற்றங்களைக் கருதலாம். பித்தளை, செம்பு ரேடியேட்டரின் கோரை மட்டும் புதிதாக மாற்றி, இடமிருந்தால் குழல் வரிசை ஒன்றைக் கூட்டலாம். விசிறியைச் சுற்றி வளைவுக் கூடு பொருத்தினால், காற்று பக்கவாட்டில் சிதறாமல் ரேடியேட்டர் வழியே இழுக்கப்படும். இவ்விரண்டும் பயன் மிக்கவை.

தவிர்க்க வேண்டியவையும் உள. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது பலரது வழக்கம். அதனால் என்ஜின் உரிய வெப்பத்தை எட்டாமல் டீசல் வீணாகி, சிலிண்டர் தேய்கிறது. சில என்ஜின்களில் வெந்நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமலே திரும்பிச் சூடு மேலும் கூடும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி கொதிநிலையைச் சுமார் 12 டிகிரி உயர்த்தும். ஆனால் அழுத்தத்திற்கென வடிவமைக்கப்படாத பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புகள் பிளந்துவிடும். மின்விசிறி இழுக்கும் மின்சாரத்தைப் பழைய டைனமோ பெரும்பாலும் தாங்காது. சூடான என்ஜினில் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும். மூடியையும் ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

இனி, கணக்குக்கு வருவோம். கோர் மாற்றும் செலவு ஒருமுறைச் செலவு. கவனியாது விட்டு என்ஜின் பிடித்துக்கொண்டால், பிஸ்டன், லைனர் முதலியவற்றின் செலவோடு பருவ உழவும் கைநழுவும். அறுவடையை நம்பிய தவணையும் அதனுடன் தவறும். வழக்கமான மோட்டார் காப்பீட்டு பாலிசி தேய்மானத்திற்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு அளிப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

ரேடியேட்டரைச் செப்பனிடுவது பதிவுச் சான்றின் விவரங்களை மாற்றாது. என்ஜினையே மாற்றினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவை. கடன் நிலுவையிலிருக்கும் வண்டியாயின், அத்தகைய மாற்றத்திற்கு முன் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம். பழைய டிராக்டர் வாங்கக் கடன் கோருவோர், விலைபேசும் முன் வண்டியை ஒரு மணி நேரமேனும் சுமையுடன் ஓட்டி, வெப்பமானியைக் கவனிப்பது நலம். செப்பனிடுவோரிடம் எழுத்து மூலமான மதிப்பீடும் ரசீதும் பெற்றுக்கொண்டால், பின்னர் வண்டியை விற்கும்போதும் அவை உதவும்.