மைசூர் மைன்ஸின் கடைசிப் பணம்: ஸ்லாட் இயந்திரமும் சூதாட்டச் சட்டமும்

கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பகுதியின் லைன் வீடுகளிலிருந்து எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர், விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள். எனவே அவர்கள் வங்கிக்கு வருவது வேலைநாளாக அமையும் சனிக்கிழமைகளில்தான். அத்தகைய ஒரு சனிக்கிழமையன்று, முப்பது வயது மதிக்கத்தக்க வாடிக்கையாளர் ஒருவர் நிரந்தர வைப்புச் சீட்டு ஒன்றைக் கொணர்ந்து, முதிர்வு நாளுக்கு முன்பே அதனை முடித்துத் தரும்படி கேட்டார். சுரங்கம் மூடப்பட்டபோது அவருடைய தந்தையாருக்குக் கிடைத்த தொகையில் எஞ்சிய இரண்டு இலட்சம் ரூபாய் அது. தாயார் பெயரிலும் இவர் பெயரிலும் கூட்டாகப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு விவரங்கள் சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம்.)

மருத்துவச் செலவா, வீட்டுச் செலவா என்று வழக்கம்போல் விசாரித்தோம். அவர் ஒளிக்காமல் கைபேசியை நீட்டினார். திரையில் மூன்று உருளைகள்; பழங்களும் மணிகளும் ஏழு என்னும் எண்ணும் சுழன்றுகொண்டிருந்தன. "விட்டதை எடுத்துட்டா நிறுத்திடுவேன் சார். மைசூர் மைன்ஸே கடைசிப் பணத்துலதானே சார் கிடைச்சுது?" என்றார்.

வரலாற்றை அவர் தவறாகச் சொல்லவில்லை. 1880களின் தொடக்கத்தில் இங்கே தங்கம் தேடப் பல நிறுவனங்கள் முளைத்தன. சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய எல்லாவற்றின் முதலும் கரைந்துவிட்டது. மைசூர் நிறுவனத்திடம் மட்டும் சுமார் 13,000 பவுண்டு மிஞ்சியிருந்தது. அதனைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டு கலைந்துவிடலாம் என்ற நிலையில், லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இன்னும் ஒருமுறை தோண்டிப் பார்ப்போம் என்று அவர்களை இணங்கச் செய்தனர். அனுப்பப்பட்ட கேப்டன் பிளம்மர், பின்னாளில் 'சாம்பியன் லோடு' என்று பெயர்பெற்ற தங்கப்பாறைத் தொடரைக் கண்டார். அதன்பின் 2001 பிப்ரவரி 28 வரை இவ்வயலிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன் என்பர். இந்தக் கதை தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இராது.

ஆனால் அந்தக் கடைசிப் பணமும் கைபேசியில் கட்டும் கடைசிப் பணமும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பிளம்மருக்கு முன்பே முற்காலத்தார் தோண்டிய பழங்குழிகள் இங்கே இருந்தன. 1802ஆம் ஆண்டிலேயே லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிக்குப்பத்துச் சுற்றுவட்டாரத்தில் ஊரார் தங்கம் எடுப்பதை நேரில் கண்டு எழுதிவைத்திருந்தார். தோண்டிய ஒவ்வோர் அடியும் அடுத்த அடியைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சொல்லிற்று. எடுத்த பாறையை அரைத்துச் சோதித்து, டன்னுக்கு எத்தனை கிராம் என்று கணக்கெழுதினார்கள். தொடக்கத்தில் வளமாக இருந்த அந்த அளவு இறுதிக் காலத்தில் டன்னுக்கு மூன்று கிராம் என்ற அளவுக்கு இறங்கியது, செலவு வரவை விஞ்சியது, சுரங்கம் மூடப்பட்டது. அந்த முடிவில் நமக்கு எத்தனையோ மனக்குறை இருக்கலாம். எனினும் கணக்கு கண்முன்னே இருந்தது.

ஸ்லாட் இயந்திரத்தில் தோண்டுவதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றும் தனித்தனி. நூறு முறை தோற்றவருக்கும் இப்போதுதான் அமர்ந்தவருக்கும் அடுத்த சுற்றில் வாய்ப்பு அணுவளவும் வேறுபடாது. 'இத்தனை நேரம் தரவில்லை, இனித் தந்தே ஆகவேண்டும்' என்ற எண்ணத்தை அந்த இயந்திரம் அறியாது.

இவ்வியந்திரத்தின் மூலவடிவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்ற இயந்திர வல்லுநர் செய்த 'லிபர்டி பெல்'. மூன்று உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. மூன்று மணிகள் ஒரே வரிசையில் வந்தால் பெரும்பரிசு. உருளைக்கு 20 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து 8,000 விதமாக நிற்கலாம். பரிசுக்குரிய சின்னம் உருளைக்கு ஒன்றே என்றால், வாய்ப்பு எட்டாயிரத்தில் ஒன்று. கண்ணால் பார்த்தே ஓரளவு கணக்கிட முடிந்த காலம் அது.

1984இல் இங்கே டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமையோடு அந்தக் காலம் முடிந்தது. அதன்படி, உருளை எங்கே நிற்கவேண்டும் என்பதை உள்ளிருக்கும் கணினி ஓர் எண்ணைக் குலுக்கி முன்னதாகவே முடிவு செய்துவிடும். உருளை அதனைக் காட்டும் பொம்மை மட்டுமே. வெளியே 20 இடங்கள் தெரியும். உள்ளே 64 எண்கள் இருக்கலாம். பரிசுச் சின்னத்துக்கு அவற்றில் ஓர் எண் மட்டும் ஒதுக்கினால், வாய்ப்பு 8,000இல் ஒன்றிலிருந்து 2,62,144இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆட்டக்காரர் கண்ணுக்கு எதுவும் மாறியிராது. அதைவிட நுட்பமானது இன்னொன்று. பரிசுச் சின்னத்துக்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு அதிக எண்களை ஒதுக்கலாம். அப்போது ஏழு, ஏழு என்று வந்து மூன்றாவது ஏழு ஒரு கோடு தள்ளி நிற்பது அடிக்கடி நிகழும். 'மயிரிழையில் தப்பியது' என்று மனம் பதறும். தோல்வி என்ற அளவில் அதற்கும் மற்றத் தோல்விக்கும் வேறுபாடில்லை. மனமோ அதனைப் பாதி வெற்றியாகக் கணக்கில் வைக்கிறது. கைபேசிச் செயலிகளில் உருளையே இல்லை, வெறும் படம். ஆகவே இதற்கு எல்லையும் இல்லை.

அடுத்தது 'திருப்பித் தரும் விகிதம்'. நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தரும் என்று ஓர் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால், ஆயிரம் ரூபாய் கொண்டுபோனால் தொள்ளாயிரத்தோடு திரும்பலாம் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அந்த விகிதம் கொண்டுபோன பணத்துக்கு அன்று, ஒவ்வொரு முறையும் பந்தயமாக வைக்கும் பணத்துக்கே உரியது. ஆயிரத்தை ஒருமுறை முழுதும் ஆடினால் சராசரியாக 900, அதனையே மீண்டும் ஆடினால் 810, பிறகு 729. பத்தாவது முறை முடிகையில் கையில் நிற்பது ஏறத்தாழ 349 ரூபாய். ஆறு விநாடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்குப் பத்து ரூபாய் என்று ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாயைப் பந்தயமாக வைக்கிறார். சராசரி இழப்பு 600. இது கூட்டுவட்டியின் தலைகீழ் வடிவம். வைப்புநிதி வளர்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் எளிதில் விளங்கியது.

இவ்வளவும் தெரிந்தபின்னும் ஏன் ஆடுகிறார்கள்? உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதற்கு ஒரு விடை உண்டு. இத்தனை முறை கொத்தினால் இரை என்று எண்ணிக்கை நிலையாக இருப்பதைவிட, எப்போது இரை விழும் என்று தெரியாதபோது புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ஸ்லாட் இயந்திரம் தருவதும் அத்தகைய ஒழுங்கற்ற பரிசே. பத்து ரூபாய் வைத்து நான்கு ரூபாய் வந்தாலும் மணியடித்து ஒளிவீசும். உண்மையில் போனது ஆறு ரூபாய். நடாஷா டவ் ஷூல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் லாஸ் வேகாஸ் ஆட்டக்காரர்களிடையே பல ஆண்டுகள் பழகி 2012இல் வெளியிட்ட நூலில், அவர்களிற் பலர் வெல்வதற்காக ஆடவில்லை என்கிறார். கடன், வேலை, வீடு எல்லாம் மறந்துபோகும் ஒரு நிலையில் நீடித்திருக்கவே ஆடினார்களாம். இரவு ரயிலில் நின்றபடியே திரையைத் தட்டிக்கொண்டு வருபவர்களைக் கண்ட பிறகு, இக்கூற்றை நாங்கள் நம்புகிறோம்.

சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவேதான் ஊருக்கு ஒரு சட்டம். கோவா 1992இல் செய்த திருத்தத்தால் ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் இயந்திரங்களை அனுமதித்தது. சிக்கிம் 2002இல் காசினோவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகத்திலோ 1963ஆம் ஆண்டின் போலீஸ் சட்டப்படி சூதாட்ட விடுதி நடத்துவதும் அங்கே ஆடுவதும் குற்றம். திறனை முதன்மையாகக் கொண்ட விளையாட்டுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. ரம்மியை முதன்மையாகத் திறன் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியது, 1996இல் குதிரைப் பந்தயத்தையும் அவ்வகையிற் சேர்த்தது. ஸ்லாட் இயந்திரம் இந்த விலக்குக்குள் வர வழியில்லை. பொத்தானை அழுத்துவதில் என்ன திறன்?

இந்த இடத்தில் நம் மாநிலத்து வழக்கு ஒன்று நினைவுகூரத்தக்கது. பெங்களூரில் வீடியோ கேம் கூடங்கள் பெருகியபோது, அவற்றுக்கு உரிமம் வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து அதன் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். எம்.ஜே. சிவானி வழக்கு என அறியப்படும் அதில், 1995இல் நீதிமன்றம் உரிமக் கட்டுப்பாட்டை ஏற்றது. பெயர்ப்பலகையில் 'விளையாட்டு' என்று எழுதிவிட்டால் போதாது என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இணையவழி ஆட்டங்களை 2021இல் கர்நாடகம் தடை செய்தது; 2022 பிப்ரவரியில் மாநில உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. பின்னர் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டு பற்றிய சட்டம் ஒன்றை நிறைவேற்ற, 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டம் திறன் சார்ந்ததாயினும் வாய்ப்புச் சார்ந்ததாயினும் அச்சட்டம் தடுக்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்போருக்கும் அதே தண்டனை. வங்கிகளும் இதில் அடக்கம். ஆடுபவரை அச்சட்டம் தண்டிக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் அறியாதது பெரும்பாலும் இதற்குப் பின்வரும் பகுதியே. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. செயலி 'நீங்கள் வென்ற 80,000 ரூபாய்' என்று காட்டிவிட்டுத் தராமற்போனால் வழக்கிட்டு வாங்க இயலாது. ஆனால் அந்த ஆட்டத்துக்காக வைத்த நகைக்கடன் முழுமையாகச் செல்லும்; தவணை தவறினால் ஏலமும் வரும். வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு.  லாட்டரிச் சீட்டு, பந்தயம் ஆகியவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. ஆதலால் வெளிநாட்டுச் செயலிகள் பணத்தை இங்குள்ள தனிமனிதர் கணக்குகள் வழியாகவே பெறுகின்றன. 'கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்' என்று கேட்டு வருபவர்கள் இதற்காக வருபவர்களாகவே இருக்கலாம். அவ்வாறு கொடுத்த கணக்கு முடக்கப்படும். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். ஏமாற்றப்பட்டவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். ஆட்டத்தை நிறுத்த இயலாமல் தவிப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இத்தகைய பழக்கங்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவும் உள்ளது.

அந்த வாடிக்கையாளரின் சீட்டில் தாயாரின் கையொப்பம் இல்லை. கூட்டு வைப்பை முன்கூட்டி முடிக்க இருவர் ஒப்புதலும் தேவை என்று சொல்லி அனுப்பினோம். அன்று எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவே. இரண்டு வாரம் கழித்துத் தாயாரும் உடன் வந்தார். படிவத்தை நாங்கள் நீட்டியதும் கையொப்பமிடாமல், "இதுவரைக்கும் எவ்ளோ போச்சு சார்?" என்றார். மகனிடம் கேட்டோம், அவர் ஒருமுறை வந்த 9,000 ரூபாயைப் பற்றிச் சொன்னார். கணக்கு அறிக்கையை அச்சிட்டு, அறியாத பெயர்களுக்குப் போன தொகைகளை மட்டும் மூவருமாகக் கூட்டினோம். ஏழு மாதங்களில் 1,46,300 ரூபாய் போயிருந்தது; வந்தது 21,500. பென்சிலை அவரே பிடித்திருந்தார். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தார்.

தாயார் வைப்புச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குறுஞ்செய்தி இனித் தம் கைபேசிக்கும் வரும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். மகன் விண்ணப்பத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.