குறைமாதக் குழந்தை வாயால் பால் குடிக்கப் பழகுவது எப்படி?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோரில் குறைமாதத்தில் பிள்ளை பெற்ற குடும்பங்களும் உண்டு. "மூக்கில் குழாய் போட்டுப் பால் கொடுக்கிறார்கள். வாயில் ஒரு சொட்டுகூட விட அனுமதிக்கவில்லை" என்று அவர்கள் கலங்குவதைப் பார்க்கிறோம்.

காரணம் இதுதான். பால் குடிக்க உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் மாறி மாறி ஒழுங்காக நடக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது 32 முதல் 34 வாரத்தில்தான் கைகூடும். 30 வாரத்தில் பிறந்த பிள்ளை அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஊட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஆகவே, நன்னிமார்களே, பாசத்தில்கூட நர்ஸுக்குத் தெரியாமல் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ஸம்ஸம் தண்ணீரோ வாயில் வைக்காதீர்கள். தேன் ஒரு வயது நிறையும்வரை எந்தக் குழந்தைக்கும் ஆகாது. தஹ்னீக் செய்ய விரும்புவோர் டாக்டர் சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள்.

காத்திருக்கும் நாட்களில் உம்மா செய்ய வேண்டியவை உண்டு. இரவிலும் சேர்த்து நாளுக்கு 8 முறையாவது பாலைப் பீய்ச்சி எடுத்துவர வேண்டும். இல்லாவிட்டால் பால் வற்றிவிடும். டாக்டர் அனுமதித்ததும், பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைத்திருப்பது நல்லது. வாப்பாவும் இப்படி அணைக்கலாம். பால் பீய்ச்சிய பிறகு மார்பில் வாய் வைத்துச் சப்பிப் பழகவும் நர்ஸ் உதவுவார்.

அடுத்து பாலாடையில் சிறிது சிறிதாக; பிறகு நேரடியாக மார்பில். குழாய் ஒரே நாளில் போய்விடாது. ஒருவேளை நன்றாகக் குடித்த பிள்ளை அடுத்த வேளை களைத்துத் தூங்கிவிடலாம். வற்புறுத்த வேண்டாம். குடிக்கும்போது இருமினாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு நின்றாலோ உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"உனக்குப் பால் இல்லை" என்று சொல்லி உம்மாவின் மனதை நோகடிக்காதீர்கள். அவருக்கு வேளைக்குச் சாப்பாடும், சற்று தூக்கமும், உங்கள் துஆவும்தான் தேவை. இன்ஷா அல்லாஹ், பிள்ளை தானே குடிக்கும் நாள் வரும்.