வானத்துப் போக்குவரத்து – 9: ஒரு நாற்காலி, இரண்டு திரைகள்

சர்க்கி தாத்ரி விபத்தைப் போன வாரம் பார்த்தோம். 1996 நவம்பர் 12 அன்று சவூதி விமானமும் கசாக் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். அப்போது டெல்லியில் பயன்பாட்டில் இருந்த ரேடார், விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்று காட்டாது. ஏறுகிற விமானத்துக்கும் இறங்குகிற விமானத்துக்கும் ஒரே வான்வழி. வசதி போதாத இடத்தில் நடந்தது என்று அந்த விபத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். எல்லா வசதியும் உள்ள சூரிச்சில் 2002 ஜூலை 1 இரவு நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரியை ஒட்டிய வான்பகுதியை சூரிச்சில் உள்ள கட்டுப்பாட்டு மையம்தான் கவனித்துவந்தது. அதை நடத்துவது ஸ்கைகைட் என்ற சுவிஸ் நிறுவனம். இரவுப் பணிக்கு இரண்டு கட்டுப்பாட்டாளர்கள். பதினொரு மணிக்கு மேல் விமானங்கள் குறைந்துவிடும் என்பதால் ஒருவர் ஓய்வறைக்குப் போவார், மற்றவர் தனியாகப் பார்த்துக்கொள்வார். எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாடு நிர்வாகத்துக்குத் தெரிந்தே பல ஆண்டுகளாக நடந்துவந்தது. அன்றும் பதினொன்றேகாலுக்குச் சக ஊழியர் எழுந்து போனார். தவறு செய்யப் போகிறோம் என்று இருவரில் யாருக்கும் தோன்றியிருக்காது. தினமும் நடப்பதுதானே.

ஆனால் அன்று ஒரு வேறுபாடு இருந்தது. ரேடார் அமைப்பில் பராமரிப்பு வேலை. பிரதான கணினியை நிறுத்திவிட்டு மாற்று நிலையில் ஓட்டினார்கள். அந்த நிலையில் விமானங்களுக்கிடையே வழக்கமான 5 கடல் மைலுக்குப் பதிலாக 7 கடல் மைல் இடைவெளி வைக்க வேண்டும். இரண்டு விமானங்கள் நெருங்கினால் திரையில் முன்கூட்டியே தோன்றும் எச்சரிக்கையும் அப்போது வராது. அது வராது என்ற தகவல், வேலையைப் பற்றி அனுப்பிய சுற்றறிக்கையிலேயே இல்லை. கூடவே தொலைபேசி இணைப்பையும் துண்டித்திருந்தார்கள். அதற்கு மாற்றாக இருந்த இணைப்பு பழுதாகிக் கிடந்தது.

இந்த நிலையில், தாமதமாக வந்த ஒரு ஏர்பஸ் விமானம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்று அழைத்தது. அந்த நேரத்தில் அது எதிர்பாராத விமானம். இறங்கும் விமானங்களை வேறொரு பணிமேசையிலிருந்து, வேறொரு அலைவரிசையில் கவனிக்க வேண்டும். இரண்டு மேசைகளுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். ஒரே ஆள் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்து பேசுவார், நகர்ந்து அடுத்த திரைக்குப் போவார், அங்கே பேசுவார், மறுபடி இங்கே வருவார். இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் அழைப்பு வந்தால் ஒன்று காதில் விழாமல் போகும். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் கோபுரத்துக்குத் தகவல் சொல்ல அவர் தொலைபேசியை எடுத்தார். இணைப்பு கிடைக்கவில்லை. திரும்பவும் முயன்றார். திரும்பவும் இல்லை.

அந்த நிமிடங்களில் அவர் பொறுப்பில் இருந்த விமானங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பட்டப்பகலில் இதைப் போலப் பல மடங்கு விமானங்களைக் கையாள்பவர்தான். பணிச்சுமையை விமானங்களின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் நிர்வாகங்களுக்கு எவ்வளவு வசதியானது, எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த இரவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1988இல் சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லண்ட் இருவரும் நாசாவில் உருவாக்கி இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படும் பணிச்சுமை அளவுகோலில் ஆறு கேள்விகள் உண்டு. மூளைக்கு எவ்வளவு வேலை, உடலுக்கு எவ்வளவு, நேரம் எவ்வளவு நெருக்கியது, எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது, நினைத்தபடி செய்ய முடிந்ததா, எரிச்சலும் பதற்றமும் எவ்வளவு. எத்தனை விமானம் என்ற கேள்வி அதில் இல்லை. கிடைக்காத தொலைபேசியும், தள்ளிக் கிடக்கும் இரண்டாவது திரையும் இந்த ஆறிலும் ஏறி உட்காரும்.

கட்டுப்பாட்டாளர் ரேடாரைப் பார்த்து மட்டும் வேலை செய்வதில்லை. எந்த விமானம் எங்கிருந்து வருகிறது, மூன்று நிமிடம் கழித்து எங்கே இருக்கும், அங்கே வேறு யார் இருப்பார்கள் என்று வானத்தின் முழுப்படத்தையும் மனத்துக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். நீளமான கூட்டல் கணக்கின் நடுவே யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே, அதேபோல இந்தப் படமும் கலையும். சகஜமான நாளில் பக்கத்தில் இருப்பவர் ‘அங்கே பார்’ என்று சொல்வார், அல்லது திரையே எச்சரிக்கும். சூரிச்சில் இரண்டும் இல்லை.

கிழக்கிலிருந்து ஒரு துப்பொலேவ் 154 வந்துகொண்டிருந்தது. பஷ்கீரியன் ஏர்லைன்ஸ் விமானம், மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்கு. 69 பேர். பயணிகளில் பெரும்பாலோர் ஊஃபா நகரத்திலிருந்து விடுமுறைக்குப் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். தெற்கிலிருந்து ஒரு டிஎச்எல் சரக்கு விமானம், போயிங் 757. பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு. விமானிகள் இருவர். இரண்டும் 36,000 அடியில் இருந்தன. போயிங் அந்த உயரம் கேட்டபோது கொடுத்தவர் சூரிச் கட்டுப்பாட்டாளர்தான். சில நிமிடங்கள் கழித்து துப்பொலேவும் அதே உயரத்திலிருந்து அவரை அழைத்தபோது, அவர் மனம் ஏர்பஸ்ஸிடம் இருந்தது.

ஆபத்தைப் பார்த்தவர்கள் வேறோர் ஊரில் இருந்தார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மையத்தில் எச்சரிக்கை அமைப்பு சரியாக வேலை செய்தது. மோதலுக்கு இரண்டு நிமிடம் முன்பே அங்கே திரையில் எச்சரிக்கை வந்தது. அங்கிருந்த கட்டுப்பாட்டாளர் சூரிச்சை அழைத்தார். 11 முறை முயன்றார். மணி அடிக்கவே இல்லை. வேறொரு மையத்தின் பொறுப்பில் இருக்கும் விமானத்துக்கு நேரடியாக ஆணையிடுவதும் விதிப்படி இயலாத காரியம். இரண்டு புள்ளிகள் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியைக் கையில் வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

சூரிச் கட்டுப்பாட்டாளர் முதல் திரைக்குத் திரும்பி ஆபத்தைக் கண்டபோது மிச்சம் இருந்தது 43 விநாடி. துப்பொலேவை 35,000 அடிக்கு இறங்கச் சொன்னார். விதிப்படியான இடைவெளியைக் காப்பாற்றும் நேரம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. ஏழு விநாடி கழித்து இரண்டு விமானங்களிலும் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவிகள் பேசின. துப்பொலேவிடம் ‘ஏறு’ என்றது, போயிங்கிடம் ‘இறங்கு’ என்றது. போயிங் இறங்கியது. துப்பொலேவ் விமானிகள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். கட்டுப்பாட்டாளர் ஆணையைத் திரும்பச் சொன்னார். எதிர் விமானம் வலப்பக்கம் வருகிறது என்றும் சொன்னார். அது உண்மையில் இடப்பக்கம் இருந்தது. சிக்கல் தீர்ந்தது என்று நம்பி மறுபடி ஏர்பஸ்ஸிடம் போனார். கருவி சொன்னபடி தாங்கள் இறங்குவதாக போயிங் விமானிகள் சொன்னது அவருக்கு எட்டவில்லை. உள்ளூர் நேரம் இரவு 11.35. ஊபர்லிங்கன் ஊருக்கு மேலே 71 பேரும் இறந்தார்கள்.

பிள்ளைகள் இருவரையும் மனைவியையும் அந்த விமானத்தில் இழந்த ஒரு தந்தை, 2004 பிப்ரவரி 24 அன்று அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். ஜெர்மன் விபத்து விசாரணை அமைப்பின் இறுதி அறிக்கை அதற்கு மூன்று மாதம் கழித்து, மே மாதம்தான் வந்தது. இரவில் எல்லாப் பணிமேசைக்கும் ஆள் இருப்பதை நிர்வாகம் உறுதிசெய்யவில்லை, ஒருவர் மட்டும் வேலை பார்ப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் இருந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். கட்டுப்பாட்டாளர் பிந்தியதையும் மறைக்காமல் எழுதினார்கள். இரண்டையும் ஒரே அறிக்கையில் வைத்ததுதான் அதன் நேர்மை. 2007 செப்டம்பரில் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைட் ஊழியர்கள் எட்டுப் பேரை விசாரித்து, நிர்வாகப் பொறுப்பில் இருந்த நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, ஒருவருக்கு அபராதம். நான்கு பேர் விடுதலை ஆனார்கள்.

ஆள் குறைப்பு எப்போதும் அமைதியான நேரத்தில்தான் நடக்கிறது. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில், பயணிகள் விமானத்தின் மீது ராணுவ ஹெலிகாப்டர் மோதி 67 பேர் இறந்தபோதும், ஓடுபாதைப் போக்குவரத்தையும் ஹெலிகாப்டர்களையும் கவனிக்கும் இரண்டு பணிகள் கோபுரத்தில் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இந்த ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பழி சுமத்த நான் துணியமாட்டேன். ஆனால் அதைப் படித்தபோது சூரிச்சின் இரண்டு திரைகளும் என் நினைவுக்கு வராமல் இல்லை.

மனிதர் இறங்கச் சொல்கிறார், கருவி ஏறச் சொல்கிறது, விமானி யார் பேச்சைக் கேட்க வேண்டும்? துப்பொலேவ் விமானிகளுக்கு முன் நின்ற இந்தக் கேள்வி, 17 மாதங்களுக்கு முன்பே, 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பான் வானில் இரண்டு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்களுக்கு முன் வந்திருந்தது. நூலிழையில் தப்பினார்கள். உலக அளவில் விதி தெளிவாகத் திருத்தப்பட்டதோ 2003 நவம்பரில். இடையில் கழிந்த அந்த மாதங்களைப் பற்றி அடுத்த வாரம்.