லண்டனைச் சிரிக்க வைத்த கிரிமால்டி

சர்க்கஸ் கொட்டகையில் பார் விளையாட்டு நடக்கும்போது நடுவில் புகுந்து தடுமாறி விழுகிறாரே கோமாளி, அவருடைய முகத்தைப் பார்த்திருப்பீர்கள். முகம் முழுவதும் வெள்ளைப் பூச்சு. கன்னத்தில் சிவப்பு. இந்த வேஷத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் சர்க்கஸ்காரர் அல்ல. லண்டன் நாடக நடிகர் ஒருவர். பெயர், ஜோசப் கிரிமால்டி. மேல்நாட்டில் கோமாளியை 'ஜோயி' என்று அழைப்பது இவர் பெயரால்தான்.

1778 டிசம்பர் 18-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை இத்தாலிய வம்சாவளி. ட்ரூரி லேன் தியேட்டரில் நடன ஆசிரியர். தாய் நாட்டியக்காரி. மூன்று வயது நிரம்பும் முன்பே பையனை 'சாட்லர்ஸ் வெல்ஸ்' மேடையில் ஏற்றி விட்டார்கள்.

தந்தை பொல்லாத மனிதர். அவருக்கு ஒரு பயம்: செத்துவிட்டதாக நினைத்து உயிரோடு புதைத்து விடுவார்களோ என்று! தலையைத் துண்டித்த பிறகே அடக்கம் செய்ய வேண்டும் என்று உயிலே எழுதி வைத்தார். 1788-ல் அவர் இறந்தபோது ஜோவுக்கு வயது ஒன்பது. குடும்ப பாரம் அந்தப் பிஞ்சுத் தலையில் விழுந்தது.

பேசத் தடை

அந்த நாளில் லண்டனில் எல்லாக் கொட்டகையிலும் வசனம் பேசி நாடகம் போட முடியாது. 1737-ல் வந்த சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். அது கிடைத்ததோ இரண்டொரு தியேட்டர்களுக்குத்தான். மற்றவர்கள் பாட்டு, ஆட்டம், ஊமைக் கூத்து என்று பிழைத்தார்கள். 1843 வரை இதே நிலை.

இப்படி வளர்ந்ததுதான் 'பாண்டோமைம்'. முதலில் ஒரு தேவதைக் கதை. பிறகு காதலர் இருவரும் ஹார்லெக்வின், கொலம்பைன் என்று உருமாறி ஓடுவார்கள். கிழவர் ஒருவரும் அவருடைய வேலைக்காரக் கோமாளியும் துரத்துவார்கள். கோமாளி அதுவரை பட்டிக்காட்டு முட்டாள், சின்ன வேஷம். கிரிமால்டி வந்தார், கோமாளியே கதாநாயகன் ஆனான்!

காய்கறிகளை அடுக்கி ஓர் ஆளைச் செய்வார். அந்த ஆளோடு குத்துச்சண்டை போடுவார். குழந்தைத் தொட்டிலுக்குப் பாலாடைக் கட்டிகளைச் சக்கரமாக மாட்டி சாரட்டு வண்டி ஆக்குவார். திருடுவார், தின்பார், போலீஸ்காரனை ஏமாற்றுவார். வாய் பேசாமலே சபை வயிறு குலுங்கும்.

1806 டிசம்பர் 29-ந் தேதி கோவென்ட் கார்டன் தியேட்டரில் 'மதர் கூஸ்' அரங்கேறியது. 92 இரவுகள் ஓடியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வெற்றி. ஒரே இரவில் இரண்டு தியேட்டர்களில் நடித்துவிட்டு ஓடிய நாட்களும் உண்டு.

வீட்டில் துயரம்

1799-ல் மரியா என்ற பெண்ணை மணந்தார். மறு வருஷமே பிரசவத்தில் மனைவி மாண்டார்.

மன நோய்க்கு மருந்து கேட்டு வந்த ஒருவரிடம் டாக்டர், "கிரிமால்டியின் நாடகத்தைப் பாரும்" என்றாராம். "நான்தான் கிரிமால்டி" என்றாராம் வந்தவர். இதே கதையை வேறு பல கோமாளிகளுக்கும் ஒட்டிச் சொல்கிறார்கள். ஆகவே நான் நம்பவில்லை. கதை கட்டாமலே இவர் பட்டது போதும்.

குட்டிக்கரணமும் தாவலுமாக நாற்பது வயதுக்குள் மூட்டுகள் தேய்ந்தன. காட்சி முடிந்து உள்ளே வந்தால், ஆட்கள் தாங்கிப் பிடித்துக் கைகால்களைத் தேய்த்து விடுவார்கள். மறுபடி மேடைக்குப் போவார். 1823-ல் அதுவும் முடியாமல் போயிற்று. வயது 44 தான்.

1828 ஜூன் 27-ந் தேதி கடைசி விழா. கோவென்ட் கார்டன் இடம் தரவில்லை. ட்ரூரி லேன் தந்தது. நிற்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தார், பாடினார். நடிகர் நிதியிலிருந்து வருஷம் 100 பவுண்டு கிடைத்தது. சீமை முழுவதையும் சிரிக்க வைத்தவருக்கு இவ்வளவுதான்!

தன் வேஷத்தைத் தாங்குவான் என்று நம்பிய மகன் குடியால் கெட்டு, 1832-ல் 30 வயதில் இறந்தான். இரண்டாவது மனைவியும் போய்ச் சேர்ந்தார். தனிமையில், அருகிலிருந்த மதுக்கடைக்கு மாலையில் போவார். திரும்பும்போது கடைக்காரர் முதுகில் சுமந்து வந்து வீட்டில் விடுவார். 1837 மே 31-ந் தேதி காலமானார்.

மறு வருஷம் அவருடைய சுயசரிதையைத் திருத்தி வெளியிட்டவர் யார் தெரியுமா? சார்லஸ் டிக்கன்ஸ்!

அவரைப் புதைத்த இடம் இன்று அவர் பெயரில் பூங்காவாக இருக்கிறது. 2010-ல் அங்கே சவப்பெட்டி வடிவத்தில் ஓடுகள் பதித்தார்கள். ஏறி ஆடினால் இசை ஒலிக்கும். பிப்ரவரி மாதம் லண்டன் மாதாகோவில் ஒன்றில் அவருக்காகப் பிரார்த்தனை நடக்கிறது. கோமாளிகள் வேஷத்தோடேயே வந்து உட்காருகிறார்கள்.