தாய்வீடு செல்லும் தாய்மாருக்கு

தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் தொன்றுதொட்ட வழக்கம். பெங்களூரில் வாழும் நம் பெண்கள் பலர், வளைகாப்பு முடிந்ததும் சேலத்திற்கோ வேலூருக்கோ பயணமாகின்றனர். இரத்தப் பரிசோதனையின் முடிவும் அவர்களுடன் செல்ல வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

'ஹெபடைடிஸ் பி' என்னும் ஈரல் அழற்சிக் கிருமி, தாயின் இரத்தத்தில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கலாம். கண் மஞ்சளாகாது, களைப்பும் தோன்றாது. ஆயினும் பேற்றின்போது அது குழந்தையைப் பற்றக்கூடும். அவ்வாறு பற்றிய குழந்தைகளுள் நூற்றுக்கு 90 பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் பிற்காலத்தில் நேரலாம்.

இக்கிருமியின் அடையாளத்தை 1960களில் கண்டறிந்த பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் பங்குகொண்ட சென்னை ஆய்வொன்று, கீழாநெல்லியைப் பற்றி 1988இல் நம்பிக்கையூட்டியது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. குழந்தையைக் காப்பது தடுப்பூசியே.

பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பெறல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தாய்க்குத் தொற்று இருப்பின், குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் உடன் தேவை. கிருமி மிகுந்த தாய்க்குக் கடைசி மூன்று மாதங்களில் மாத்திரையும் தருவர். இக்காப்புகளைப் பெற்ற குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டத் தடையில்லை.

ஆகவே, கருவுற்ற தொடக்கத்திலேயே பரிசோதித்து, முடிவைக் கர்நாடகத்தின் 'தாயி' அட்டையில் குறிக்கச் செய்வோம். ஊர் சேர்ந்ததும் அதனை அங்குள்ள மருத்துவரிடம் காட்டுவோம். அவர் ஊசிகளை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்க அவ்வட்டை உதவும்.