இறவாக் கொலையாளி: ‘ஃபிரைடே தி தேர்ட்டீன்த்’ ஆறாம் பாகத்தில் மீயியற்கைத் திருப்பம்

1980இல் தொடங்கிய ‘ஃபிரைடே தி தேர்ட்டீன்த்’ என்னும் அமெரிக்கத் திகில் படத்தொடரின் முதற்படத்தில் கொலையாளி ஜேசனின் தாயே. இரண்டாம் பாகம் முதல் ஜேசன் அவ்விடத்தைப் பெற்றான். நான்காம் பாகம் (1984) அவனைக் கொன்று ‘இறுதி அத்தியாயம்’ எனப் பெயர் பூண்டது. ஐந்தாம் பாகம் (1985) கொலைகளை வேறொருவனிடம் ஒப்படைத்தது.

டாம் மெக்லாக்லின் இயக்கிய ஆறாம் பாகம் (1986) இச்சிக்கலை மீயியற்கையால் தீர்த்தது. ஜேசனின் உடலை எரித்தழிக்கக் கல்லறையைத் தோண்டும் டாமி, சினம் மேலிட்டுப் பிணத்தில் இரும்புக் கம்பியைச் செருகுகிறான். அதில் இறங்கும் மின்னல் பிணத்தை எழுப்புகிறது. அழிக்கும் முயற்சியே உயிர்ப்பிக்கும் காரணமாகிறது. இறுதியில் ஜேசன் ஏரியடியில் சங்கிலியால் பிணிக்கப்படுகிறான்; அழிவதில்லை. எனவே, ‘கொலையாளி யார்?’ என்னும் முதல், ஐந்தாம் பாகங்களின் வினா, ‘இறந்தவனை எவ்வாறு தடுப்பது?’ என மாறுகிறது. தொடர்ச்சியை வேண்டும் வணிகத்தேவை, கதைக்குள் இறவாமையாக உருப்பெறுவதை இப்பாகம் தெளிவுறுத்துகிறது.